துண்டு விழுந்த 450 காசு – பண்டைய சீனர்களின் அன்றாட வாழ்க்கை

பண்டைய சீனா என்றதும் நம் நினைவுக்கு வருபவை பெருஞ்சுவர், பட்டு, காகிதம், வெடிமருந்து, களிமண் படைவீரர்கள்... இத்தோடு பாடப்புத்தகமும் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சுவருக்கு மண் சுமந்தவன் என்ன சாப்பிட்டான்? வீட்டில் எதன் மேல் உட்கார்ந்தான்? வருடத்துக்கு எவ்வளவு பணத்துக்குத் துணி எடுத்தான்? திருவிழாவுக்கு என்ன செலவு செய்தான்? அரசர்களின் பெயர்களும் போர்களும் நிறைந்த வரலாற்றில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைப்பது அரிது.

அப்படி அரிதாகக் கிடைத்திருக்கும் பதில்களில் ஒன்று கதையாக இல்லை, கவிதையாக இல்லை. ஒரு வரவு செலவுக் கணக்காக இருக்கிறது!

லி குய் என்பவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெய் என்ற நாட்டில் அமைச்சராக இருந்தவர். அப்போது சீனா ஒரே நாடாக இல்லை. பல நாடுகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று சண்டையிட்டுக் கொண்டிருந்த காலம் அது. நாட்டு விவசாயிகள் ஏன் எப்போதும் கஷ்டத்திலேயே இருக்கிறார்கள் என்று விளக்குவதற்காக அவர் ஒரு சராசரி குடும்பத்தின் ஓராண்டுக் கணக்கைப் போட்டுக் காட்டினார். சுமார் 500 ஆண்டுகளுக்குப் பிறகு பான் கு என்ற வரலாற்றாசிரியர், ஹான் வம்சத்தின் வரலாற்றை எழுதும்போது, உணவும் பணமும் பற்றிய அத்தியாயத்தில் இந்தக் கணக்கைச் சேர்த்து வைத்தார். அதனால்தான் அது இன்றும் நம் கைக்குக் கிடைக்கிறது.

கணக்கு இதுதான்:

குடும்பத்தில் 5 பேர். நிலம் 100 மூ (இன்றைய அளவில் சுமார் நாலரை ஏக்கர்).
விளைச்சல் – 150 ஷி தானியம்
வரி (பத்தில் ஒரு பங்கு) – 15 ஷி
சாப்பாடு (ஆளுக்கு மாதம் ஒன்றரை ஷி) – 90 ஷி
விற்பதற்கு மீதி – 45 ஷி
ஒரு ஷி 30 காசு வீதம் விற்ற வரவு – 1,350 காசு
ஊர்த் திருவிழா, வழிபாடு – 300 காசு
துணிமணி (ஆளுக்கு 300 காசு) – 1,500 காசு
துண்டு விழுவது – 450 காசு

நல்லபடியாக விளைந்து, யாருக்கும் உடம்புக்கு எதுவும் வராமல் போனாலும் வருட முடிவில் 450 காசு குறைகிறது. நோய், சாவு, அரசு திடீரென்று போடும் கூடுதல் வரி எதையும் இதில் சேர்க்கவில்லை என்று லி குய்யே சொல்லிவிடுகிறார்.

இந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியும் ஒரு கதவு மாதிரி. திறந்தால் உள்ளே ஒரு வாழ்க்கை தெரிகிறது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம்.

சாப்பாடு: 90 ஷி

சீனர்கள் என்றால் அரிசிச் சோறு என்று நினைக்கிறோம். அது தெற்குச் சீனாவின் உணவு. மஞ்சள் ஆறு ஓடும் வடக்கில் அன்றைய முக்கிய உணவு தினையும் பனிவரகும்தான். தினையை முதன்முதலில் பயிராக்கியவர்களே வடசீனத்து மக்கள்தான்.

ஒரு ஷி என்பது சுமார் 20 லிட்டர். அப்படியானால் ஆளுக்கு மாதம் ஒன்றரை ஷி என்பது நாளொன்றுக்கு ஒரு லிட்டர். கேட்க நிறைய இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இது உமி நீக்காத தானியம். பழைய சீனக் கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்கள்' தரும் விகிதப்படி, 50 பங்கு தானியத்தைக் குத்தினால் 30 பங்குதான் மிஞ்சும். ஆக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்கூட இல்லை. பெரியவர், சிறியவர், வயலில் உழைப்பவர் எல்லோருக்கும் சேர்த்து எடுத்த சராசரி இது. தொட்டுக்கொள்ள அவரை வகைகள், அவற்றின் இலையைப் போட்டுக் காய்ச்சிய சாறு. இறைச்சி என்பது விசேஷ நாட்களில்தான். மென்சியஸ் என்ற தத்துவ ஞானி ஒரு நல்லாட்சி எப்படி இருக்கும் என்று வர்ணிக்கும்போது, கோழியும் பன்றியும் சரியாக வளர்த்தால் 70 வயதானவர்கள் இறைச்சி சாப்பிடலாம் என்கிறார். எழுபது வயதில் இறைச்சி கிடைப்பதே ஒரு பெரிய கனவாக இருந்திருக்கிறது!

இன்னொரு ஆச்சரியம். சீனர்களுக்கும் சாப்பாட்டுக் குச்சிகளுக்கும் உள்ள உறவு மூவாயிரம் ஆண்டுப் பழமையானது. ஷாங் வம்சத் தலைநகரில் வெண்கலக் குச்சிகளே கிடைத்திருக்கின்றன. ஆனால் அன்று அவற்றைச் சாறில் மிதக்கும் கீரை, காய்களை எடுக்கத்தான் பயன்படுத்தினார்கள். சோற்றைக் கையால் அள்ளித்தான் சாப்பிட்டார்கள்! 'லி ஜி' என்ற சடங்கு நூல் பந்தி ஒழுக்கத்தை விரிவாகச் சொல்கிறது. பனிவரகுச் சோற்றுக்குக் குச்சியைப் பயன்படுத்தக் கூடாது. பொதுப் பாத்திரத்தில் சேர்ந்து சாப்பிடும்போது சோற்றை உருண்டை பிடிக்கக் கூடாது. உருண்டை பிடித்தால் ஒருவரே அதிகம் எடுத்துக்கொள்வது போல ஆகிவிடும் அல்லவா! அளந்து சாப்பிட வேண்டிய வீட்டில் பிறந்த நாகரிகம் இது.

நாற்காலி, மேஜை அன்று கிடையாது. தரையில் பாய் விரித்து மண்டியிட்டு உட்கார்வார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். அதற்கும் ஒரு விதி உண்டு. ஒரு வீட்டு வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தால், உள்ளே பேச்சுக் குரல் வெளியே கேட்டால் மட்டும் நுழையலாம். குரல் கேட்கவில்லை என்றால் ஏதோ அந்தரங்கம் பேசுகிறார்கள் என்று திரும்பிவிட வேண்டும்.

துணிமணி: 1,500 காசு

கணக்கில் மிகப் பெரிய பணச் செலவு இதுதான். தானியம் விற்று வரும் மொத்தப் பணமே 1,350 காசு. துணிக்கு மட்டும் 1,500!

இத்தனைக்கும் இது பட்டுத் துணி அல்ல. சாதாரண மக்கள் உடுத்தியது கஞ்சா இனச் செடியின் தண்டிலிருந்து எடுத்த நாரில் நெய்த முரட்டுத் துணி. தண்டை நீரில் ஊறப்போட்டு, நாரை உரித்து, இழை இழையாகச் சேர்த்து முறுக்கி, பிறகு நெய்ய வேண்டும். பருத்தி அங்கே மக்கள் உடையாகப் பரவியது 13, 14ஆம் நூற்றாண்டுகளில்தான். சீன மொழியில் சாமானியனைக் குறிக்க 'நார்த்துணி உடுத்தியவன்' என்ற பொருள்படும் சொல்லே இருந்தது. பட்டுப்புழு வளர்த்தவர்களும் பட்டு நெய்தவர்களும் இதே வீட்டுப் பெண்கள்தான். ஆனால் வயதானவர்கள் தவிர மற்றவர்கள் உடம்பில் அது ஏறுவது அபூர்வம். மென்சியஸின் நல்லாட்சியில்கூட 50 வயதானவர்களுக்குத்தான் பட்டு.

அந்தப் பட்டு எங்கே போனது? 1972இல் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 163 வாக்கில் இறந்த ஒரு பிரபுவின் மனைவி அதில் இருந்தார். உடல் அழுகாமல் இருந்தது. அவர் கடைசியாகச் சாப்பிட்ட முலாம்பழத்தின் 138 விதைகள் வயிற்றுக்குள் அப்படியே கிடைத்தன. கூடவே புதைத்திருந்த ஒரு மெல்லிய பட்டு அங்கியின் எடை வெறும் 49 கிராம்! அவர் கணவருக்கு அரசு அளித்திருந்த மானியம் 700 குடும்பங்கள் கட்டும் வரி. நாம் மேலே பார்த்தது போன்ற 700 குடும்பங்கள்.

திருவிழா: 300 காசு

ஏற்கெனவே துண்டு விழும் குடும்பம் திருவிழாவுக்கு 300 காசு செலவு செய்ய வேண்டுமா? ஒரு ஆளின் ஓராண்டுத் துணிச் செலவு அது! ஆனால் லி குய் அதை வீண்செலவு என்று சொல்லவில்லை. வரிக்கும் சாப்பாட்டுக்கும் அடுத்தபடியாக, துணிக்கும் முன்னால் வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மண் தெய்வம் உண்டு. வசந்த காலத்தில் நல்ல விளைச்சல் வேண்டியும், இலையுதிர் காலத்தில் விளைந்ததற்கு நன்றி சொல்லியும் அதற்குப் படையல் இடுவார்கள். புதுத் தானியத்தை முதலில் முன்னோருக்குப் படைத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவார்கள். ஊர்ப் படையலுக்கு எல்லோரும் பணம் போட வேண்டும். பலியிட்ட இறைச்சியை வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள். அந்தப் பங்கு வந்தால்தான் அந்த வீடு ஊரோடு சேர்ந்தது என்று அர்த்தம்.

பங்கு வைப்பது லேசான வேலையா? சென் பிங் என்ற ஏழை இளைஞன் தன் ஊரில் ஒருமுறை இறைச்சியைப் பங்கு வைத்தானாம். கதவுக்குப் பதில் கிழிந்த பாயைத் தொங்கவிட்ட வீடு அவனுடையது. யாருக்கும் கூடவோ குறையவோ இல்லாமல் அவன் பிரித்ததைப் பார்த்துப் பெரியவர்கள் பாராட்டினார்கள். நாட்டை ஆளும் வாய்ப்பு கிடைத்தால் அதையும் இப்படியே பங்கிடுவேன் என்றானாம் அவன். பின்னாளில் அவனே ஹான் பேரரசின் தலைமை அமைச்சரானான். வரலாற்றாசிரியர் சிமா சியான் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

குடியும் உண்டு. ஆனால் நினைத்த நேரத்தில் கூடிக் குடிக்க முடியாது. காரணமில்லாமல் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து குடித்தால் அபராதம் என்று ஹான் சட்டம் சொன்னது. அதனால்தான் புதுப் பேரரசர் பட்டத்துக்கு வரும்போது, மக்கள் ஐந்து நாள் கூடிக் குடிக்கலாம் என்று அனுமதி கொடுப்பது பெரிய பரிசாக இருந்தது!

கணக்கில் எழுதாத செலவுகள்

லி குய் கணக்கில் சேர்க்காத செலவுகள் பிற்காலத்தில் இன்னும் கூடின. ஹான் ஆட்சியில் நிலவரியை முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தலைவரி தனி. 15 வயதிலிருந்து 56 வயது வரை ஆண், பெண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 120 காசு கட்ட வேண்டும். நிலவரியைத் தானியமாகக் கொடுக்கலாம். தலைவரியைக் காசாகத்தான் கட்ட வேண்டும். இது போதாதென்று ஆண்கள் ஆண்டுக்கு ஒரு மாதம் கூலியில்லாமல் அரசு வேலை செய்ய வேண்டும்.

கல்யாணத்திலும் வரி புகுந்தது. கி.மு. 189இல் வந்த ஒரு ஆணைப்படி, 15 முதல் 30 வயதுக்குள் கல்யாணம் ஆகாத பெண்ணுக்குத் தலைவரி ஐந்து மடங்கு! தரகர் வைத்துப் பேசி, வாத்து கொடுத்துச் சம்பந்தம் செய்யும் நீண்ட சடங்கெல்லாம் நூல்களில் அழகாக இருக்கிறது. ஏழை வீட்டில் வரி அதிகாரியின் பயமும் அந்தச் சடங்கில் கலந்திருக்கும்.

சாவுக்கும் வழக்கம் உண்டு. பெற்றோர் இறந்தால் மூன்றாம் ஆண்டு வரை துக்கம் காக்க வேண்டும் என்றது சடங்கு நூல். கி.மு. 157இல் இறந்த வென் பேரரசர், தனக்காக மக்கள் மூன்று நாள் துக்கம் காத்தால் போதும், கல்யாணத்தையோ இறைச்சியையோ தடுக்க வேண்டாம் என்று உயில் எழுதினார். துக்கத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்று புரிந்த அரசர்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை குழந்தை வரி. வூ பேரரசர் (கி.மு. 141–87) தன் போர்ச் செலவுக்காக மூன்று வயதுக் குழந்தைக்கும் வரி போட்டார். அதைக் கட்ட முடியாமல் பிறந்த குழந்தையையே கொல்லும் நிலைக்கு மக்கள் தள்ளப்பட்டார்கள் என்று கோங் யு என்ற அமைச்சர், பின்னால் வந்த யுவான் பேரரசரிடம் (கி.மு. 48–33) எடுத்துச் சொன்னார். குழந்தைக்குப் பல் விழுந்து முளைக்கும் ஏழு வயதிலிருந்தாவது வரி போடுங்கள் என்று கேட்டார். அரசர் ஏற்றுக்கொண்டார்.

துண்டை எப்படி மூடினார்கள்?

பெண்களின் உழைப்பு முதல் வழி. ஒரே தெருவில் உள்ள பெண்கள் குளிர்கால இரவுகளில் ஒரு வீட்டில் கூடி நூல் நூற்பார்களாம். பல வீடுகளில் விளக்கும் நெருப்பும் எரிப்பதற்குப் பதில் ஒரே வீட்டில் எரித்தால் செலவு மிச்சம். இப்படி அவர்களுக்கு மாதத்தில் 45 வேலை நாள் கிடைக்கிறது என்கிறார் பான் கு! முப்பது பகலோடு முப்பது இரவையும் அரை நாளாகக் கணக்கிட்டால் வருவது அது. கணக்கில் வரும் 1,500 காசுத் துணிச் செலவை இந்தக் கூடுதல் 15 நாட்கள் ஓரளவு குறைத்திருக்கலாம்.

அடுத்த வழி கடன். வென் பேரரசர் காலத்து அறிஞர் சாவ் ட்சுவோ, வரி கட்டும் நாள் வந்ததும் தானியம் வைத்திருப்பவன் பாதி விலைக்கு விற்கிறான், இல்லாதவன் இரண்டு மடங்காகத் திருப்பித் தரும் கடன் வாங்குகிறான் என்று எழுதினார். கடைசியில் நிலம், வீடு, பிள்ளை, பேரன் வரை விற்றுக் கடன் அடைக்கிறார்கள் என்றும் சொன்னார். வியாபாரிகள் பட்டு உடுத்தக் கூடாது என்று ஒரு காலத்தில் சட்டமே இருந்தது. ஆனால் சட்டம் இழிவாக நினைத்த வியாபாரி பணக்காரனாகவும், சட்டம் உயர்த்திப் பேசிய விவசாயி ஏழையாகவும் இருந்ததை அவர் வேதனையோடு சுட்டிக்காட்டினார்.

பத்தே பத்து காசு!

இப்போது மறுபடியும் லி குய்யின் கணக்குக்கு வருவோம். திருவிழாவும் துணியும் சேர்ந்து 1,800 காசு. கையில் உள்ள தானியம் 45 ஷி. வகுத்துப் பாருங்கள். சரியாக 40 காசு! அதாவது ஒரு ஷி 30 காசுக்குப் பதில் 40 காசுக்கு விற்றிருந்தால் துண்டே விழாது. ஒரு குடும்பம் நிம்மதியாக இருப்பதற்கும் கடனில் விழுவதற்கும் நடுவே இருப்பது விலையில் வெறும் பத்து காசு.

லி குய்யின் யோசனையும் இந்த இடத்தைத்தான் தொட்டது. விலை ஏறினால் வாங்குபவன் சாகிறான், இறங்கினால் விளைவிப்பவன் சாகிறான். அதனால் நன்றாக விளைந்த ஆண்டில் அரசே தானியத்தை வாங்கி வைக்கட்டும், பஞ்ச ஆண்டில் அதை விற்கட்டும் என்றார். கி.மு. 54இல் கெங் ஷௌசாங் என்ற அதிகாரி இதே கருத்தில் எல்லைப் பகுதிகளில் சமநிலைக் களஞ்சியங்களை அமைத்தார். பத்தே ஆண்டுகளில் அவை மூடப்பட்டன. ஆனால் கருத்து சாகவில்லை. பல வம்சங்கள் அதை மீண்டும் எடுத்தன. 1911இல் சென் ஹுவான்சாங் என்ற சீன அறிஞர் அமெரிக்காவில் எழுதிய நூல் வழியாக அது ஹென்றி வாலஸைச் சென்றடைந்தது. அவர் வேளாண் அமைச்சராக இருந்தபோது, 1938ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண் சட்டத்தில் இடம்பெற்றது.

இரண்டு மரப்பலகைகள்

லி குய் சொன்னது ஒரு சராசரிக் குடும்பம். அதற்குப் பெயர் இல்லை, முகம் இல்லை. ஆனால் பெயரோடு ஒரு குடும்பம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

1975–76இல் ஹூபெய் மாகாணத்தில் ஷுய்ஹூதி என்ற இடத்தில் ஒரு சிறிய கல்லறையில் இரண்டு மரப்பலகைகள் கிடைத்தன. இருபுறமும் தூரிகையால் எழுதிய கடிதங்கள். சீனாவில் கிடைத்தவற்றில் மிகப் பழைய குடும்பக் கடிதங்கள் இவையே. ஹெய்ஃபு, ஜிங் என்ற இரண்டு சகோதரர்கள் கி.மு. 223 வாக்கில் ச்சின் நாட்டுப் படையில் போரிடப் போன இடத்திலிருந்து, ஊரில் இருந்த சகோதரன் ஷோங்குக்கு எழுதியவை.

சீனா முழுவதையும் ஒரே பேரரசாக்கிய அந்தப் போர்களைப் பற்றி அவற்றில் பெருமை எதுவும் இல்லை. முதலில் அம்மா நலமா என்ற விசாரிப்பு. பிறகு துணிக்கணக்கு. ஆன்லு ஊரில் துணி மலிவாக இருந்தால் அம்மா கோடைக்கு ஏற்ற உடை தைத்துப் பணத்தோடு அனுப்பட்டும். விலை அதிகமாக இருந்தால் பணம் மட்டும் போதும், இங்கேயே துணி வாங்கித் தைத்துக்கொள்கிறேன் என்கிறான் ஹெய்ஃபு. ஜிங்கின் நிலைமை இன்னும் மோசம். ஐந்நூறு அறுநூறு காசும் கொஞ்சம் துணியும் கேட்கிறான். இன்னொருவர் பணத்தை எடுத்துச் செலவழித்தாகிவிட்டது, வீட்டிலிருந்து வராவிட்டால் செத்தே போவேன் என்று எழுதி, அவசரம் என்ற சொல்லை மூன்று முறை போட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்த புது மருமகளையும் நலம் கேட்டு, பெரியவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான்.

நாடும் காலமும் காசும் வேறு என்பதால் லி குய்யின் 450 காசோடு இதை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் கணக்கு அதே கணக்குதான். துணி என்ன விலை, கையில் எவ்வளவு இருக்கிறது, யாரிடம் கடன்... அமைச்சர் கூட்டிக் கழித்ததை அந்தத் தாய் ஆன்லு சந்தையில் நின்று மனதுக்குள் கூட்டிக் கழித்திருப்பாள்.

இரண்டு கடிதங்களும் வீடு வந்து சேர்ந்தன. பத்திரமாக வைத்திருந்து, கடைசியில் கல்லறைக்குள்ளும் அவற்றைச் சேர்த்து வைத்தார்கள். அந்த வீட்டின் மிகப் பெரிய சொத்து அவைதான் போலிருக்கிறது.